செவ்வாயா, வெள்ளியா, புதனா? வானிலையைப் பார்த்து இடம் பிடிப்பவர்களுக்கு

பிளஸ் ஒன் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அறிவியல் கண்காட்சி. வேற்றுக் கோளில் மனிதர்கள் தங்கும் குடியிருப்புக்கு ஒரு மாதிரி செய்ய வேண்டுமாம். "செவ்வாயை எல்லாரும் செய்றாங்க அங்கிள். வெள்ளியில 27 டிகிரிதான்னு ஒரு வீடியோல சொன்னாங்க. அதைச் செய்யலாமா?" என்று மொட்டை மாடியில் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டான். அவன் அம்மாவோ, "வெள்ளி அடுப்பு மாதிரி கொதிக்கும்னுதானே படிச்சோம்" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. வேறு வேறு உயரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

மாடிக்குக் கோள் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் இதையே கேட்கிறார்கள். அறிவியல் கதை எழுதும் நண்பர் ஒருவருக்கும் இதே குழப்பம். சரி, ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. பூமியை விட்டால் பாறைக் கோள்கள் மூன்று. அதில் வெள்ளியை மட்டும் தரை, மேகம் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆக, தெரிவுகள் நான்கு.

## முதலில் எதைப் பார்ப்பது?

எல்லோரும் முதலில் தேடுவது சராசரி வெப்பநிலை. அதை ஓரமாக வையுங்கள். புதனின் சராசரி 167 டிகிரி செல்சியஸ் என்று பட்டியல்களில் இருக்கும். ஆனால் அதன் நடுக்கோட்டில் பகலில் 430 டிகிரி, இரவில் மைனஸ் 180. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் முதலில் பார்ப்பது காற்றழுத்தம். குளிரானால் கம்பளி போடலாம், ஹீட்டர் வைக்கலாம். அழுத்தம் பூமியில் இருப்பதில் சுமார் 6 சதவீதத்துக்குக் கீழே போனால், உடல் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் முழு அழுத்த உடை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. உடையில் ஒரு கிழிசல் என்றால் நிமிடக் கணக்குகூட இல்லை, நொடிக் கணக்குதான்.

அடுத்து, காற்றின் வேகத்தை அல்ல, தள்ளும் பலத்தைப் பார்க்க வேண்டும். செவ்வாயில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடிக்கும் புயல், அங்குள்ள காற்று அவ்வளவு மெலிசு என்பதால், பூமியில் 13 கி.மீ. வேகக் காற்று போலத்தான் உடம்பில் படும். துணி காயப்போட ஏற்ற காற்று. வெள்ளியின் தரையில் கதை தலைகீழ். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் அசைகிற காற்றுகூட, அடர்த்தி பூமிக் காற்றைப்போல் 50 மடங்குக்கு மேல் என்பதால், சுமார் 29 கி.மீ. வேகக் காற்று போல் தள்ளும்.

பிறகு வெயில் எவ்வளவு நம்பகமாகக் கிடைக்கும், தலைக்கு மேலே கதிர்வீச்சைத் தடுக்க எவ்வளவு காற்று இருக்கிறது, தண்ணீர் எங்கே என்பவை. கடைசியாக, வானிலை அறிக்கையில் வராத ஒரு செலவு: போய்ச் சேரவும் கிளம்பி வரவும் ஆகும் பாடு.

| | புதன் | வெள்ளி, தரை | வெள்ளி, 55 கி.மீ. உயரம் | செவ்வாய், நடுக்கோட்டுப் பக்கம் |
|---|---|---|---|---|
| அழுத்தம் (பூமி = 1) | இல்லை என்றே சொல்லலாம் | சுமார் 92 | சுமார் 0.5 | சுமார் 0.006 |
| வெப்பநிலை (செல்சியஸ்) | பகல் 430, இரவு −180 | எப்போதும் 465 அளவில் | 27 அளவில் | பகலில் 0-ஐ ஒட்டி, இரவில் −80 அளவில் |
| ஒரு பகலும் இரவும் | 176 பூமி நாள் | 117 பூமி நாள் | காற்றோடு மிதந்தால் சுமார் 6 நாள் | 24 மணி 40 நிமிடம் |
| ஈர்ப்பு (பூமி = 100) | 38 | 90 | 90 | 38 |
| முக்கியத் தொல்லை | சூரியனேதான் | சூடும் அழுத்தமும் | அமிலம், கால் வைக்கத் தரையில்லை | தூசி, கதிர்வீச்சு |

## புதன்: வானிலையே இல்லாத ஊர்

புதனுக்கு வளிமண்டலம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. சூரியனிலிருந்து வரும் துகள்கள் பாறையில் மோதித் தெறிக்கவிடும் சோடியம், பொட்டாசியம் போன்ற அணுக்கள் கொஞ்சம் மிதக்கின்றன. காற்று, மேகம், மழை, தூசி எதுவும் கிடையாது. நாளைய நிலவரத்தை நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிடலாம். குறை மாதிரி தெரிந்தாலும் இதுதான் புதனின் பலம். சூரியப் புயல் ஒன்றுதான் முன்னறிவிப்பில்லாமல் வரும்.

அதைவிட முக்கியம், புதனின் அச்சில் சாய்வு கிட்டத்தட்ட இல்லை. அதனால் பருவகாலமும் இல்லை. துருவங்களில் உள்ள ஆழமான பள்ளங்களின் அடியில் வெயில் பட்டதே கிடையாது. 1991-ல் பூமியிலிருந்து ரேடார் அலை அனுப்பிப் பார்த்தபோது அந்தப் பள்ளங்கள் பளிச்சென்று மின்னின. புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலத்தின் தரவுகளை வைத்து, அது தண்ணீர்ப் பனிக்கட்டிதான் என்று 2012-ல் உறுதி செய்தார்கள். வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புரோகோஃபியெவ் பள்ளம் அப்படி ஒன்று. விளிம்பில் ஏறினால் பூமியில் கிடைப்பதைப்போல் பல மடங்கு வெயில், உள்ளே இறங்கினால் ஐஸ். மின்சாரமும் தண்ணீரும் இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும் இடம் வேறு கோளில் இல்லை.

ஒரு வேடிக்கைக் கணக்கும் உண்டு. புதனின் சுற்றளவு சுமார் 15,300 கி.மீ. ஒரு முழுப் பகல்-இரவுக்கு 176 நாள். வகுத்துப் பார்த்தால், நடுக்கோட்டிலேயே விடியற்கோடு மணிக்கு 3.6 கி.மீ. வேகத்தில்தான் நகர்கிறது. காய்கறி வாங்கப் போகிற வேகத்தில் நடந்துகொண்டே இருந்தால் சாகும்வரை அந்தி வெளிச்சத்திலேயே இருக்கலாம். உட்கார மட்டும் கூடாது. (புதனின் பள்ளங்களுக்குக் கலைஞர்களின் பெயரை வைப்பது வழக்கம். திருவையாற்றுத் தியாகராஜருக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது, நடுக்கோட்டுப் பக்கமாக. அங்கே பகல் 430 டிகிரி.)

மறைமுகச் செலவு பயணத்தில் இருக்கிறது. சூரியனை நோக்கி விழுகிற கலத்துக்கு வேகம் கூடிக்கொண்டே போகும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரும்பாடு. 2018 அக்டோபரில் கிளம்பிய பெப்பிகொலம்போ விண்கலம் பூமியை ஒரு தடவை, வெள்ளியை இரண்டு தடவை, புதனையே ஆறு தடவை உரசிச் சென்று வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. 2026 நவம்பரில் புதனைச் சுற்ற ஆரம்பிக்கும் என்பது திட்டம். எட்டு வருடம். அதுவும் ஆளில்லாமல்.

## வெள்ளியின் தரை: பேச்சை முடித்துவிடலாம்

465 டிகிரி. ஈயம் உருகிவிடும். அழுத்தமோ கடலில் 900 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். இரவு, பகல், துருவம், நடுக்கோடு என்று எங்கே போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 1982 மார்ச் 1 அன்று இறங்கிய சோவியத் வெனெரா 13 அங்கே 127 நிமிடம் வேலை செய்தது. அதையே பெரிய சாதனையாகக் கொண்டாடினார்கள். 11 கி.மீ. உயரமுள்ள மாக்ஸ்வெல் மலையின் உச்சிக்கு ஏறினாலும் 380 டிகிரிதான். கொடைக்கானல் கணக்கு அங்கே செல்லாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேகங்கள் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால், வெள்ளி உள்வாங்கும் சூரிய வெப்பம் பூமி வாங்குவதைவிடக் குறைவு. அது மட்டுமே கணக்கானால் வெள்ளி உறைந்துபோய் இருக்க வேண்டும். 96 சதவீதம் கரியமில வாயுவான அந்தத் தடித்த போர்வைதான் மீதியைச் செய்கிறது. காலநிலை மாற்றம் பற்றிய மாதிரி செய்கிறவர்களுக்கு வெள்ளியின் தரையைவிட நல்ல தலைப்பு இல்லை. குடியிருப்புக்கு வேண்டாம்.

## வெள்ளியின் மேகம்: பையன் சொன்ன 27 டிகிரி

அதே கோளில் 50 கி.மீ. மேலே போனால் அழுத்தம் பூமியின் கடல்மட்டத்துக்குச் சமம், வெப்பம் சுமார் 75 டிகிரி. 55 கி.மீ.யில் அழுத்தம் பாதி, வெப்பம் 27 டிகிரி. பாறைக் கோள்களில் பூமிக்கு வெளியே, அழுத்த உடை இல்லாமல் ஒருவர் நிற்கக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மூச்சுக்கு முகக்கவசமும் அமிலம் படாத மழைக்கோட்டும் போதும்.

மிதப்பதும் சுலபம். சுற்றிலும் இருப்பது கனமான கரியமில வாயு. அதில் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே, பூமியில் ஹீலியம் மிதப்பதைப்போல, மேலே தூக்கும். அதாவது வீட்டுக்குள் இருக்கும் காற்றே பலூனுக்கும் காற்று. உள்ளும் வெளியும் அழுத்தம் ஒன்றாக இருந்தால், ஓட்டை விழுந்தாலும் டயர் வெடிப்பது போல் வெடிக்காது. மெல்லக் கசியும். ஒட்டுப்போட நேரம் கிடைக்கும். கதிர்வீச்சிலும் லாபம். தலைக்கு மேலே மிச்சமிருக்கும் காற்றின் எடை, பூமியில் 4 கி.மீ. உயர மலையில் நிற்பவருக்கு மேலே இருப்பதற்குச் சமம்.

இது வெறும் கற்பனையும் இல்லை. 1985 ஜூனில் சோவியத் வேகா 1, வேகா 2 கலங்கள் ஆளுக்கொரு ஹீலியம் பலூனை வெள்ளியில் விட்டன. குறுக்களவு மூன்றரை மீட்டர் அளவு, அமிலம் தாங்கும் டெஃப்லான் வகைத் துணி. சுமார் 54 கி.மீ. உயரத்தில் பேட்டரி தீரும்வரை, ஏறக்குறைய 46 மணி நேரம், தகவல் அனுப்பின. அதற்குள் கோளின் சுற்றளவில் கால் பங்குக்கு மேல், கிட்டத்தட்ட 11,000 கி.மீ. போயிருந்தன. யாரும் ஓட்டவில்லை, காற்று இழுத்துக்கொண்டு போனதுதான். வெள்ளி தன்னைத்தானே சுற்ற 243 நாள் எடுத்துக்கொள்கிறது. அதன் மேக உச்சியோ நான்கே நாளில் கோளைச் சுற்றி வந்துவிடுகிறது. ஏன் இப்படி என்பது ஆய்வாளர்களுக்கு நீண்ட காலத் தலைவலி. நமக்கு லாபம் என்னவென்றால், காற்றோடு போகிறவருக்குக் காற்றே தெரியாது. ஓடும் ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பது போல. மூன்று நாள் பகல், மூன்று நாள் இரவு என்று பொழுது மாறிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு படித்ததும் பையன் பெட்டி கட்டிவிடுவான். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

மேகத் துளிகள் கந்தக அமிலம், அதுவும் செறிவானது. தண்ணீர் வேண்டுமானால் அந்த அமிலத்திலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும். அந்த அமிலம் மழையாகப் பெய்தாலும் தரையைத் தொடாது; பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். காற்று கிடைமட்டத்தில் சொகுசு, செங்குத்தில் அப்படி இல்லை. வேகா 2 பலூன் அஃப்ரோடைட் மேட்டுநிலத்துக்கு மேலே போனபோது கீழ்நோக்கிய காற்றில் சிக்கி இறங்கியது. 5 கி.மீ. இறங்கினாலே 27 டிகிரி 75 ஆகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கீழே போகப் போக ஏறும். கைதவறி விழுந்த ஸ்பேனர் போனது போனதுதான். இரும்பு, கல், மண் எதுவும் எட்டாது. ஒரு ஆணிகூட பூமியிலிருந்து வர வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு திரும்பி வருவதில். ஈர்ப்பு பூமியில் 90 சதவீதம். சுற்றுப்பாதைக்கு ஏற வேண்டிய வேகமும் கிட்டத்தட்ட பூமியளவு. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டைக் கற்பனை செய்யுங்கள். அந்த அளவு ஒன்றைப் பலூனில் கட்டித் தொங்கவிட்டு அங்கிருந்து கிளப்ப வேண்டும். நாசாவிலும் பத்து வருடத்துக்கு முன்பு, வெள்ளி மேகத்துக்கு மனிதரை அனுப்பும் திட்டம் ஒன்றை வரைந்து பார்த்தார்கள். அதில் தங்குவது ஒரு மாதம்தான்.

## செவ்வாய்: தெரிந்த ஊர், தீராத தூசி

2018 ஜூலை 27 இரவு முழுச் சந்திர கிரகணம். செந்நிற நிலாவுக்குப் பக்கத்திலேயே செவ்வாய், பதினைந்து வருடத்தில் மிகப் பிரகாசமாக. மாடியில் கூட்டம். தொலைநோக்கியைத் திருப்பினால் வெறும் ஆரஞ்சு வட்டம். வழக்கமாகத் தெரியும் கரும்பட்டைகள் ஒன்றும் இல்லை. லென்ஸில்தான் அழுக்கு என்று துடைத்தேன். மறுபடி துடைத்தேன். அழுக்கு லென்ஸில் இல்லை, கோள் முழுக்க இருந்தது. செவ்வாயை மொத்தமாக மூடிய தூசிப் புயலைத்தான் அன்று எல்லோரும் பார்த்துவிட்டுப் போனோம்.

அதே புயல், தொண்ணூறு நாளுக்கென்று அனுப்பி பதினான்கு வருடம் ஓடிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியை முடித்தது. ஒரு நாளைக்கு 645 வாட்-மணி மின்சாரம் தந்துகொண்டிருந்த அதன் சோலார் பலகைகள் ஜூன் 10-ல் 22 வாட்-மணிக்கு இறங்கின. 9 வாட் எல்இடி பல்பை இரண்டரை மணி நேரம் எரிக்கலாம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அதே நேரத்தில் கேல் பள்ளத்தில் இருந்த கியூரியாசிட்டி ஊர்தி வேலை பார்த்துக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அதற்கு மின்சாரம் அணுசக்திப் பெட்டியிலிருந்து வருகிறது. செவ்வாயில் குடியிருப்பு மாதிரி செய்கிறவர்கள் கூரை நிறைய சோலார் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் நடுவராக இருந்தால் முதல் கேள்வியே "புயல் இரண்டு மாதம் நின்றால்?" என்பதுதான். புயல்கூட வேண்டாம், தினமும் படியும் தூசியே போதும். இன்சைட் கலம் 2022 டிசம்பரில் அப்படித்தான் அடங்கியது.

புயல் எப்போது வரும் என்பதை ஓரளவு சொல்லலாம். செவ்வாயின் பாதை நீள்வட்டம். தென் அரைக்கோளத்தில் கோடை நடக்கும்போது கோள் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும். அந்தப் பருவம்தான் தூசிக் காலம். கோள் முழுதும் மூடும் புயல் எல்லா வருடமும் வராது. நம் ஐப்பசி, கார்த்திகைப் புயல் மாதிரி: மாதம் தெரியும், வருடம் தெரியாது.

செவ்வாய் ஏன் சொந்த ஊர் மாதிரி தோன்றுகிறது என்றால், நாள் 24 மணி 40 நிமிடம், அச்சுச் சாய்வு 25 டிகிரி, நான்கு பருவங்கள், துருவப் பனி, அதிகாலை உறைபனி. 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் மேகத்திலிருந்து பனி விழுவதையே பதிவு செய்தது. ஆனால் குளிர்காலத்தில் வளிமண்டலத்தின் ஒரு பகுதியே துருவத்தில் உறைந்து தரையில் விழுந்துவிடும். கோளின் காற்றழுத்தமே கால் பங்குக்கு மேல் ஏறி இறங்கும். ஏற்கெனவே இருப்பது பூமியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. உச்சி வெயிலில் காலடி மண் இதமாகச் சுடும், தலை உயரத்தில் காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்.

மறைமுகச் செலவுகள்: கியூரியாசிட்டி அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்குச் சுமார் 0.67 மில்லிசீவர்ட். கதிர்வீச்சுத் துறை ஊழியர்களுக்கு ஒரு வருடத்துக்கு வகுத்த சராசரி வரம்பு 20. செவ்வாய் வாசலில் அது ஒரே மாதத்தில் வந்துவிடும். எனவே வீடு மண்ணுக்குள்தான். அந்த மண்ணில் பெர்க்ளோரேட் என்ற நச்சு உப்பு கலந்திருக்கிறது, கழுவாமல் செடி வைக்க முடியாது. அப்புறம், வெயில் ஒரு பக்கம், தண்ணீர் இன்னொரு பக்கம். ஃபீனிக்ஸ் வடக்கே 68 டிகிரியில் சில சென்டிமீட்டர் தோண்டியதுமே வெள்ளைக் கட்டிகள் தெரிந்தன. நாலு நாளில் ஆவியாகி மறைந்தன, ஐஸ் என்று தெரிந்தது. ஆனால் அந்த ஊர்க் குளிர்காலத்தை அதே கலம் தாண்டவில்லை.

இவ்வளவுக்கும் பதிலாகச் செவ்வாய் தருவது தரை. தோண்டலாம், புதைக்கலாம், கழற்றி வைத்ததைத் திரும்ப எடுக்கலாம். ஈர்ப்பு குறைவு என்பதால் கிளம்ப சின்ன ராக்கெட் போதும். பயணம் ஏழு மாதம் அளவில், நல்ல வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒரு முறை. வெள்ளிக்கு நாலு மாதம்தான், வாய்ப்பு 19 மாதத்துக்கு ஒரு முறை.

## யாருக்கு எது?

வருடக்கணக்கில் தங்கி, அங்கே கிடைப்பதை வைத்தே பிழைக்க வேண்டும் என்றால் செவ்வாய். வானிலை நல்லது என்பதற்காக அல்ல, வானிலை கெட்டால் ஒளிந்துகொள்ள மண் இருக்கிறது என்பதற்காக. மூவாயிரம் முறை சொல்லப்பட்ட பதில்தான், இருந்தாலும் சரியான பதில். நடு அட்சரேகையில், ஐஸுக்கு மேலே, அணுசக்தியோடு.

மனிதர் சில வாரம் தங்கி ஆராய்ந்துவிட்டு வர வேண்டும், உடம்பு கெடக் கூடாது என்றால் வெள்ளியின் மேகம். ஈர்ப்பும் அழுத்தமும் உடலுக்குப் பழகியவை. கதை எழுதுகிற நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன். கீழே பார்க்க முடியாத ஒரு ஊரில் எதையும் கீழே போடாமல் வாழ்கிற ஜனங்களைப் பற்றி எழுதலாமே. ஆளில்லாத பலூன்களுக்கு இதுவே முதல் தெரிவு.

எதிர்பாராத எதுவும் நடக்கக் கூடாது, ஆள் இல்லாவிட்டாலும் கருவி பல வருடம் ஓட வேண்டும், ஆற்றல் தண்ணீராகக் கொட்ட வேண்டும் என்றால் புதனின் துருவம். போய்ச் சேருவதற்கு யார் பணம் தருவார்கள் என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பையன் கடைசியில் வெள்ளியைத்தான் எடுத்தான். மேசைமேல் வைக்க முடியாத மாதிரி என்பதே அவனுக்குப் பிடித்துவிட்டது. வகுப்பறை மின்விசிறிக் கொக்கியிலிருந்து தூண்டில் நரம்பில் தொங்கவிடப் போகிறானாம். நேற்று மாலை மறுபடி வந்தான், கையில் பாதி ஒட்டிய பலூன். திரும்பி வரும் ராக்கெட்டை அளவுப்படி அட்டையில் செய்து கட்டிப் பார்த்திருக்கிறான், வீடு ஒரு பக்கமாகச் சாய்கிறது. பலூனை மூன்று மடங்கு பெரிதாக்கச் சொல்லி அனுப்பினேன்.